முசியே கலியன்

புகையிலைக் கடைக்குள் நுழைந்ததும் மூக்கை உடனே வேலை வாங்கக் கூடாது, சார். வெளியே குளிரும், உள்ளே கதகதப்பாக இருக்கும். கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு ஒரு நிமிடம் சும்மா நிற்க வேண்டும். அப்புறம்தான் எந்த ஜாடியில் என்ன இருக்கிறது என்று மூக்கு பிரித்துச் சொல்லும். இதை எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை.

நீங்கள் தணிகைவேல் ஐயாவைப் பற்றிக் கேட்கிறீர்கள். அவரைப் பற்றித்தான் சொல்கிறேன். கடையிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

என் பெயர் கலியன். நாற்பத்தாறு வயது. ஊர் பனித்திட்டு. அப்பா கடலுக்குப் போவார், அம்மா எல்லம்மாள் கருவாடு போடுவாள். கூடையில் மூக்கை வைத்து, இது ஒரு மாதம் தாங்கும், இதில் ஈரம் நிற்கிறது, இரண்டு நாளில் கெட்டுவிடும் என்று பத்து வயதிலேயே சொல்வேன். இரண்டாயிரத்து நாலில் அலை வந்து படகையும் அம்மாவையும் கொண்டுபோயிற்று. அதற்குப் பிறகு நான் கடலில் இறங்கவில்லை. ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளைத் தூக்குவது, துடைப்பது, பெட்பேன் கழுவுவது என்று பத்து வருஷம் போயிற்று. நடுவில் ஒரு கல்யாணம் நடந்தது. அவள் ஒரே வருஷத்தில் கடலூரில் தன் அம்மா வீட்டுக்கே போய்விட்டாள். என் கையில் ஆஸ்பத்திரி வாடை போகவே இல்லை என்றாள். அவள்மேல் தப்பு சொல்ல முடியாது.

ஐயா இடுப்பு எலும்பு உடைந்து வார்டுக்கு வந்தவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருபத்தைந்து வருஷம் இருந்துவிட்டு, பாகூரில் அப்பாவின் நிலத்தில் கரும்பும் நெல்லும் போட்டுக்கொண்டு தனியாக வாழ்ந்தவர். மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள் பிரியதர்ஷினி பிரான்சில், லியோன் நகரத்தில். டிஸ்சார்ஜ் ஆகிற அன்றைக்கு, "கலியா, நீ எங்கூட வூட்டுக்கு வந்துடு. உன் கை எனக்குப் பழகிடுச்சி" என்றார். போனேன்.

அவர் சுங்கான் பிடிப்பார், புகையிலையை அடைத்து இழுக்கிற குழாய். பட்டாளத்தில் தொற்றிய பழக்கம். 'பீப்' என்று பிரெஞ்சுக்காரர்கள் மாதிரி சொல்வார். இடுப்பு தேறினாலும் மனசு தேறவில்லை. "எவ்ளோ நாள் இருக்கப் போறேன்? போறதுக்குள்ள பிரான்சுப் பக்கம் இருக்குற அந்தப் பீப் கடைங்கள எல்லாம் ஒரு தடவ பாத்துடணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மகள் அழைப்புக் கடிதம் அனுப்பினார். எனக்கும் விசா கிடைத்தது, அவரைக் கவனித்துக்கொள்கிற ஆள் என்று.

லியோனில் இரண்டு வாரம் மகள் வீட்டில் இருந்துவிட்டு ரயிலேறினோம். முதல் கடை பிரஸ்ஸல்ஸில், கண்ணாடிக் கூரை போட்ட ஒரு பழைய கடைத்தெருவுக்குள். பித்தளைத் தராசு, மரத்தில் சின்னச் சின்ன இழுப்பறைகள், சுவர் முழுக்க ஜாடிகள். நரைத்த தலையோடு ஒரு அம்மாள் நடத்தினார். ஐயா அவரை மதாம் என்று கூப்பிட்டார், நானும் அப்படியே கூப்பிட்டேன். ஐயாவுக்கு அந்த வயதில் வாசனை சரியாகப் பிடிபடவில்லை. எதை முகர்ந்தாலும் நல்லாத்தான் இருக்கு என்றார். பின்னால் அவருடைய பையைப் பிடித்துக்கொண்டு நின்ற என் முகத்துக்கு நேராக மதாம் ஒரு ஜாடியை நீட்டினார்.

மழை விட்ட மறுநாள் வைக்கோல் போர், என்றேன். ஐயா சிரித்துக்கொண்டே அதைப் பிரெஞ்சில் சொன்னார். அடுத்த ஜாடிக்கு, புகை போட்ட சுறாக் கருவாடு, என்றேன். மூன்றாவதில், அடியில் ஈரம் அதிகம், இது பூத்துவிடும், என்றேன். மதாம் கைவிட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து விளக்கில் பார்த்தார். வெள்ளையாகப் பூஞ்சை ஆரம்பித்திருந்தது.

அவர் உள்ளே போய்த் தோல் போட்ட ஒரு நாற்காலியை எடுத்துவந்து போட்டார். ஐயாவுக்கு என்று நினைத்து அவர் தோளைப் பிடித்தேன். மதாம் தலையை ஆட்டிவிட்டு என்னைப் பார்த்து, "முசியே கலியன்" என்றார். முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா.

பாகூர் வீட்டில் ஐயா என்னை ஒருநாளும் கேவலமாக நடத்தியதில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அங்கே நான் பின்கட்டில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன். சமையல் செய்கிற காசம்மாள் அக்கா என் தட்டைத் தனியாகக் கவிழ்த்து வைப்பார். இது யார் சொல்லியும் நடக்கவில்லை, நடந்தது, அவ்வளவுதான். அந்த நாற்காலியில் நான் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஏழு தடவை போய்வந்தோம். ஜெனீவா, கோபன்ஹேகன், சுங்கான் கடைகிறதற்கே பேர்போன ஒரு மலையூர். எங்கே போனாலும் கடைசியில் பிரஸ்ஸல்ஸ். நான் புகைப்பவன் இல்லை, சார். எனக்கு அந்தக் கடைகள் போதும். நாலாவது தடவை நான் சொன்னபடி மதாம் மூன்று இலைகளைக் கலந்து ஒரு ஜாடியில் போட்டார். ஜாடியில் ஒட்டின காகிதத்தில் என் பெயரை எழுதினார். அந்தத் தெருவில் போகிற வருகிற வெள்ளைக்காரர்கள் என் பெயரைச் சொல்லி ஐம்பது கிராம் வாங்கிப் போனார்கள். வருஷத்தில் மூன்று நாள் நான் அந்த ஆள். மிச்ச நாளெல்லாம் அந்த மூன்று நாளுக்காகப் பெட்பேன் கழுவினேன்.

இந்த வருஷம் பிப்ரவரியில் ஐயாவுக்கு லேசாகப் பக்கவாதம் வந்தது. வலது கால் கொஞ்சம் இழுத்தது. ரத்தம் கட்டாமல் இருக்க ஒரு மாத்திரை, பிரஷருக்கு ஒன்று. புகையிலை கூடவே கூடாது என்றார் டாக்டர். ஐயா பட்டாளத்துக்காரர், உத்தரவு என்றால் உத்தரவு. வீட்டுக்கு வந்த அன்றே அத்தனை சுங்கானையும் ஓர் அரிசிச் சாக்கில் போட்டுக் கட்டி, "ஏரில போட்டுட்டு வா கலியா" என்றார். நான் அதைப் பரணில் வைத்தேன்.

அவர் தேறினார். மே மாதத்தில் கைத்தடி இல்லாமல் மோட்டார் கொட்டகை வரை நடந்தார். வாய்க்கு ருசி திரும்பிவிட்டது என்று வஞ்சிரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மகள் வந்து பார்த்துவிட்டு அழுதார், சந்தோஷத்தில். இனி நீங்கள் அலைய வேண்டாம் அப்பா, வருஷா வருஷம் நானே வருகிறேன் என்றார். ஐயாவும் சரி என்றார்.

ஜூன் மாதம் மதாமிடமிருந்து போனில் ஒரு செய்தி வந்தது. போனிலேயே அதைத் தமிழாக்கிப் படித்தேன். அக்டோபரில் கடையை மூடுகிறாராம். அதற்குள் வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்லியிருந்தார். ஜாடியைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்.

தனியாக எனக்கு விசா கிடைக்காது. பாஷையும் தெரியாது. ஐயாவிடம் கேட்டேன். நான் அவரிடம் எனக்கென்று எதையும் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஐயா, ஒரே ஒரு தடவ. செப்டம்பர்ல போய்ட்டு வந்துடலாம்."

"நான்தான் பீப்ப வுட்டுட்டனே. அங்க போயி இன்னா பண்றது?"

"சும்மா பாத்துட்டு வரலாம் ஐயா."

அவர் சிரித்தார். "உனக்கு இன்னாடா அங்க வேல? நீ எனக்குத் துணைக்கு வந்தவன்தானே. நானே போவலன்னா நீ எதுக்கு?"

மனசில் எதையும் வைத்துக்கொண்டு அவர் அதைச் சொல்லவில்லை. நன்றாகச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் அவர் கால் நகத்தை வெட்டி முடித்துவிட்டு எழுந்து போனேன். பின்கட்டில் குழாயைத் திறந்துவிட்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டேன். மூச்சு முட்டுகிற வரை எடுக்கவில்லை. ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. காசம்மாள் அக்கா காமாலையா என்று கண்ணை இழுத்துப் பார்த்தார்.

பிறகு நிதானமாக யோசித்தேன். ஐயா எப்போதெல்லாம் கடைகளுக்குப் போக ஆசைப்பட்டார்? சாவு பக்கத்தில் இருக்கிறது என்று நினைத்தபோது. இப்போது அந்த நினைப்பு போய்விட்டது. உடம்பு நன்றாக இருக்கிறவனுக்குக் கடைசி ஆசை என்று ஒன்று இருக்காது. அவருக்குக் கொஞ்சம் முடியாமல் போக வேண்டும். கொஞ்சம்தான். பயம் வருகிற அளவுக்கு.

ரத்தம் கட்டாமல் இருக்கிற மாத்திரையை நிறுத்தினேன். அதே அளவில் வெள்ளையாக ஒரு சத்து மாத்திரை கொடுத்தேன். ஐயா நான் கொடுப்பதைப் பார்க்கமாட்டார், உள்ளங்கையை நீட்டுவார். நிறுத்தின மாத்திரைகளைப் பரணில் இருந்த சுங்கான் சாக்கில் போட்டுவைத்தேன். மருந்தைத் தூக்கி எறிகிற பழக்கம் எனக்கு இல்லை.

நாற்பத்தொரு நாள் ஒன்றும் ஆகவில்லை. நாற்பத்திரண்டாம் நாள் காலையில் காப்பி டம்ளர் அவர் கையிலிருந்து விழுந்தது. இந்தத் தடவை கொஞ்சமாக இல்லை. வலது பக்கம் முழுக்கப் போயிற்று, பேச்சும் போயிற்று. நான்தான் ஆம்புலன்சில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். அத்தனை நர்சுகளும் என்னைத்தான் பாராட்டினார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, தினமும் மத்தியானம் காசம்மாள் அக்கா கிளம்பியதும் பரணிலிருந்து ஒரு சுங்கானை எடுத்து நிரப்புவேன். நானே இழுத்துப் பற்றவைத்து அவர் உதட்டில் வைப்பேன். ஆசையைத் திரும்பக் கொண்டுவர வேறு வழி தெரியவில்லை. முதல் நாள் இடது கையால் தட்டிவிட்டார். அப்புறம் அந்தக் கையை என் முழங்காலுக்குக் கீழே வைத்துக்கொள்வேன். புகை போனதும் இருமுவார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டும். பழைய ஞாபகம் வருகிறது என்று நினைத்தேன்.

மகளுக்கு நான்தான் போன் செய்தேன். "ஐயாவுக்கு அந்தக் கடைங்கள கடைசியா ஒரு தடவ பாக்கணும்னு ஆசம்மா. கண்ணாலயே சொல்றாரு." அவர் மறுநாள் வீடியோவில் வந்தார். நான் போனை ஐயாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

"அப்பா, நம்ம மறுபடியும் போலாமா? சக்கர நாற்காலில வெச்சி நானே கூட வரேன்."

ஐயாவின் இடது கை எழுந்தது. ஆட்காட்டி விரலால் என்னைக் காட்டினார். பிறகு அதே விரலைத் தன் வாயில் வைத்து அழுத்தினார். மறுபடி என்னை, மறுபடி வாயை. நாலு தடவை. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

பிரியதர்ஷினி அம்மா அழுதுகொண்டே சிரித்தார். "கலியண்ணா, பீப் கேக்குறாரு பாருங்க. உங்களாண்ட கேக்குறாரு."

"ஆமாம்மா" என்றேன்.

ஐயாவின் கை படுக்கையில் விழுந்தது. அதன் பிறகு அவர் அதைத் தூக்கவில்லை.

செப்டம்பர் ஒன்பதாம் தேதிக்கு டிக்கெட் போட்டார்கள். அன்று ராத்திரியே மதாமுக்கு, வருகிறோம் என்று அனுப்பினேன். மறுநாள் கோட்டை எடுத்து வெயிலில் போட்டேன். அப்புறம்தான் இன்னொரு போன் வந்தது. விமானத்தில் ஏற்றலாமா என்று பார்க்கத் திங்கட்கிழமை வேறொரு டாக்டர் வீட்டுக்கு வருகிறார், ரத்தம் எடுத்துப் பார்ப்பார், பேச்சுப் பயிற்சிக்கும் ஒரு பெண்ணைக் கூட்டிவருவார், எழுத்து அட்டையைக் காட்டி அப்பாவை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல வைப்பார்கள் என்றார் மகள். மிகவும் சந்தோஷமாகச் சொன்னார்.

அது சனிக்கிழமை. மத்தியானம் வழக்கம்போலச் சுங்கானை நிரப்பினேன். ஐயா வாயைத் திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். மூக்கை இரண்டு விரலால் பிடித்தேன். வாய் திறந்தது. உள்ளங்கையால் வாயை மூடினேன். கையை எடுக்க மறந்துவிட்டேன் என்று காலையில் உங்களிடம் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். மறக்கவில்லை. சுங்கான் அணைந்துபோகிற வரை அப்படியே வைத்திருந்தேன். பிறகு முகம் துடைத்து, வேட்டி மாற்றி, மகளுக்குப் போன் செய்தேன்.

இரண்டு தடவை பக்கவாதம் வந்தவர். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எரித்தாயிற்று. கருமாதிக்கு வீடு ஒழித்தபோது காசம்மாள் அக்கா பரணில் சாக்கைப் பார்த்திருக்கிறார். அதில் மாத்திரைகளைப் பார்த்துவிட்டு, "இன்னாபா இது, ஐயா மாத்திரல்ல?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்.

மாத்திரையை வைத்து மட்டும் உங்களால் அதிகம் செய்ய முடியாது, எனக்குத் தெரியும். இத்தனையும் சொல்வதற்குக் காரணம் வேறு. உங்கள் ஜீப்பில் ஏறுவதற்கு முன்னால் பிரியதர்ஷினி அம்மா என் பக்கத்தில் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். மாத்திரையைப் பற்றி மட்டும்தான் அவருக்கு அப்போது தெரியும். எதற்காக என்று கேட்டார். மதாம் கடை மூடப்போகிறதும்மா என்றேன்.

"என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே உங்கள இட்டுகினு போயிருப்பனே அண்ணா" என்றார்.

இரண்டு நாளாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கேட்டிருக்கலாம். எனக்கு அது தோன்றவே இல்லை. அவரிடம் கேட்கலாம் என்பது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று யோசித்து யோசித்துத் தலை வெடிக்கிறது. சுவரில் முட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காகத்தான் உங்களிடம் இவ்வளவு பேசுகிறேன்.

எழுதிக்கொள்ளுங்கள். பாகூர் தணிகைவேலை நான்தான் கொன்றேன், என் கையால், அவர் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது. எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் இதைச் சொல்கிறேன். ஒன்றை மட்டும் கடைசியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், சார். ஐயாவுக்கு என்மேல் கோபம் கிடையாது. இருந்திருந்தால் அத்தனை நாளில் ஒரு வார்த்தையாவது சொல்லியிருப்பார்.