போகி தாத்தா பனியன்

…அதுக்குன்னு ஒரு வாரம் ஊட்லயே இருன்னு சொல்றதாங்கக்கா? பதினோரு வருசமா அந்தத் திருப்பூர் பனியன் கம்பெனில டிசைன் போடறேன். ஒரு டீ-சர்ட் பனியன்ல அச்சடிச்ச படத்துக்காவ, மொதலாளி திருமூர்த்தியண்ணன் என் மூஞ்சியக்கூடப் பாக்காமப் பேசறாருங்க. அதான், தாராபுரம் போயி அம்மாகூட இருந்துட்டு வரலாம்னு பஸ் ஏறிட்டேன். நீங்க எறங்கறது அவிநாசிபாளையந்தானுங்களே? அப்பச் சரி, நேரமிருக்குது.

படத்துல இருந்தது ஒரு தாத்தாங்க. செக் நாட்டுக்காரரு, சினிமா நடிகரு. பேரு போகுமிர். எங்க யூனிட்ல போகி தாத்தான்னே கூப்புட்டுட்டோம். நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க… அவங்கூருலயே பாதிப்பேருக்குத் தெரியாதாமா. எம்பத்தஞ்சாவது பொறந்த நாளுக்கு அங்க தியேட்டர்ல அவரு பழைய படத்தப் போடறாங்க, வர்றவங்களுக்கெல்லாம் பனியன் குடுக்கோணும்னு அவரு மக இருநூறு பீஸ் ஆர்டர் குடுத்துச்சு. மெயில்லயே அந்தப் புள்ள அப்பா கதையெல்லாம் சொல்லுமுங்க.

மனுசன் மொதல்ல சாக்ஸ் மில்லுல வேலைங்க, நம்மாளுக மாதிரி. ஊருக்குள்ள ஷூட்டிங் எடுக்க வந்தவங்க, எழவு ஊட்டு சீன்ல நிக்கறதுக்கு ஆளு தேடிருக்காங்க. இவரு மூஞ்சி நீளமா, தொங்கிப்போயி இருக்குமா… வாய்யான்னு கூட்டிட்டுப் போயிட்டாங்க. அன்னைக்குப் புடிச்சு அறுவது படங்க. அத்தனையும் ஜட்ஜு, வரி கேக்கறவரு, ஆளு பொழைக்காதுன்னு சொல்ற டாக்டரு. ரெண்டு நிமிசம் வருவாரு, கெட்ட சேதி சொல்லுவாரு, போயிருவாரு. ஒரே ஒரு சிரிப்புப் படத்துல ஹீரோவாப் போட்டாங்களாமா. பாதி எடுக்கறதுக்குள்ள, அறுவத்தெட்டாம் வருசம், வெளிநாட்டுப் பட்டாளம் ஊருக்குள்ள வந்துருச்சு. டைரக்டரு நாட்டையே உட்டுட்டுப் போயிட்டாரு. படமும் நின்னுபோச்சு.

நானும் அவரு படங்களப் பாத்தேனுங்க, மத்தியானம் சோத்துப் போசியத் தொறந்து வெச்சுட்டு. பாஷை ஒண்ணும் புரியாது. ஆனா, கெட்ட சேதி சொல்லிட்டுத் திரும்பறப்ப, எதுத்தாப்புல நிக்கறவரு கோட்டுல ஒட்டியிருக்கற தூசியத் தட்டி உடுவாருங்க… சும்மா, ஒரு தட்டு. எனக்கு என்னமோ ஆயிப்போச்சு.

சாம்பிள் படத்தப் பாத்துட்டு அந்தப் புள்ள சரின்னு சொல்லிருச்சு. பிரிண்டுக்குப் போறதுக்கு முன்னாடி… பொறந்த நாளும் அதுவுமா இப்படி உம்முன்னு இருக்கறாரேன்னு, ஒதட்டோரத்துல ரெண்டே கோடு இழுத்தேனுங்க. சிரிச்சுட்டாரு. அவ்வளவுதான்.

முந்தாநாளு பெட்டியத் தொறந்த அந்தப் புள்ள, இது எங்கப்பாவே இல்லைன்னு மெயில் போட்டுருச்சு. மொதலாளியண்ணன் கேட்டப்ப நான்… கம்ப்யூட்டர் தானா மாத்திருச்சுங்கண்ணான்னு சொல்லிப்போட்டேன். அவரு நம்பல. ஆரு நம்புவா?

இப்ப பஸ் ஏறறப்ப மறுக்கா ஒரு மெயிலுங்க. தாத்தா பெட்டிக்குள்ள கைய உட்டு ஒண்ண எடுத்து, ஸ்வெட்டருக்கு மேலயே போட்டுக்கிட்டு, கண்ணாடி முன்னால ரொம்ப நேரம் நின்னாராமா. தியேட்டருக்கும் அதோடதான் போனாராமா. வந்தவங்க மிச்சத்தையும் வாங்கிப் போட்டுக்கிட்டாங்களாமா. அந்தச் சிரிப்புக் கோடு இழுத்தது ஆரு, பேரென்னன்னு கேட்டு எழுதச் சொல்லியிருக்காருங்க.

பாருங்க வம்ப. கம்ப்யூட்டருன்னு எழுதுனா அந்த மனுசன் மனசு என்னாகும்? எம் பேர எழுதுனா, கம்பெனி மெயிலுங்க, அண்ணனுக்கும் ஒரு காப்பி போகும். நான் சொன்னது பொய்யின்னு தெரிஞ்சுபோகும்…

அட, உங்க ஊரு வந்துருச்சுங்களா? ஒரு நிமிசம் இருங்கக்கா, எம் பேரையே அடிச்சுப்போடறேன். இந்துமதி… திருப்பூர்… அனுப்பிட்டேனுங்க.

கொஞ்சம் நகருங்க, நானும் இங்கயே எறங்கிக்கறேன். எதுத்தாப்புல திருப்பூர் பஸ் நிக்குது. அண்ணன் மெயிலத் தொறக்கறதுக்குள்ள, நானே போயி நேர்ல சொல்லிப்போடறேன்.