வாடை இல்லாத பாதம்

எனக்கு வாடை ஆகாது, சார். மற்றபடி என்னால் யாருக்கும் தொந்தரவு இருந்ததில்லை. அந்த மூலை வாளியில் ஈரத்துணி ஊறிக் கெட்டுப்போயிருக்கிறது. அதை வெளியே வைக்கச் சொன்னால் நிதானமாக எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன்.

என் தொழில் முயல் பாதம். உத்தமபாளையத்தில் கறிக்கு முயல் வளர்க்கிற பண்ணையிலிருந்து அறுத்த கால்களை வாங்கிவருவேன். பின்பக்கம் கீறி, சதையை வழித்து எடுத்து, பொடி உப்பைத் தேய்த்து, ஈரம் வடிந்ததும் வெண்காரம் பூசி நிழலில் காயவைப்பேன். ஆடி மாதம் எங்கள் சின்னமனூரில் அடிக்கிற காற்றுக்குச் சீக்கிரமே விறைத்துவிடும். பித்தளை மூடியும் வளையமும் மாட்டினால் சாவிக்கொத்து. மேகமலைக்குப் போகிறவர்கள் அதிர்ஷ்டம் என்று வாங்கிப்போவார்கள். எத்தனை வருஷம் கழித்து மோந்து பார்த்தாலும் ஒரு வாடை இருக்காது.

இதில் நான் கொஞ்சம் கறார். விரல் குறைந்த பாதத்தை வாங்க மாட்டேன், பார்க்கவே அருவருப்பு. தொட்டதும் முடி கையோடு வந்தால் உள்ளே அழுகல் ஏறிவிட்டது. அதற்குமேல் உப்புப் போட்டுக் காப்பாற்றப் பார்ப்பது முட்டாள்தனம். கொல்லைக் குழியில் போட்டு மண்ணைத் தள்ளிவிட வேண்டும்.

என் மனைவி கிருபாவதிக்குச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி கிடையாது. தரையில் கிடந்த முயல் நகம் வலது காலில் ஏறியது அவளுக்குத் தெரியவேயில்லை. கண்டுபிடித்தவன் நான்தான். சாப்பிட உட்கார்ந்தேன், எலி செத்த வாடை வந்தது. சோறு இறங்கவில்லை. குனிந்து பார்த்தால், அவள் கால்.

தேனிக்குக் கூட்டிப்போனேன். நர்ஸ் உள்ளே கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது டாக்டர் என்னை வெளியே அழைத்தார். இரண்டு விரலை உடனே எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வாள், தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்றார். தெளிவாகத்தான் சொன்னார். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

ஆட்டோவில் ஏறியதும் அவள் கேட்டாள். "டாக்டர் என்ன சொன்னாக?"

"மருந்து போட்டாப் போதும்னாக."

இரண்டு விரல் இல்லாத பாதம் ஒன்று என் வீட்டுக்குள் நாள் முழுக்க நடந்து திரிவதை நினைத்துப் பார்த்தேன். குமட்டியது. வேறு காரணம் எதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் கட்டிலை முயல்கால் காய்கிற பின்கட்டுக்கு மாற்றினேன். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு அவள் புண்ணில் உப்பையும் வெண்காரத்தையும் வைத்து அமுக்கினேன். முட்டாள்தனம் என்று சொன்னேனே, அதை நானே செய்தேன். புருஷன் இல்லையா. எரிகிறதா என்று கேட்டேன். "ஒன்னுமே தெரியலைங்க" என்று சிரித்தாள். கட்டை அவிழ்க்கிறபோதெல்லாம் தோல் துணியோடு வந்தது. கையைச் சோப்புப் போட்டுப் போட்டுக் கழுவியும் அந்தப் பிசுபிசுப்பு போகவில்லை.

பிறகு காய்ச்சல் வந்தது. "ஏங்க, என்னையத் தேனிக்குக் கூட்டிட்டுப் போங்க. வெரல எடுத்தாலும் பரவால்ல, உசுரு கெடந்தாப் போதும்" என்றாள்.

"வெட்டவே வேணாம்னு டாக்டரே சொல்லிட்டாக."

"அவுகளே சொன்னாகன்னா சரி" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தம்பி ஸ்டான்லி போடியிலிருந்து வந்து, "அக்காவ நான் கூட்டிட்டுப் போறேன் மச்சான்" என்று நின்றான். இப்போதுதான் டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தோம் என்றேன். நம்பிப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை, கோயில் மணி அடிக்கிற நேரத்தில் அவள் உயிர் போனது.

நாங்கள் கிறிஸ்தவர்கள், இறந்தவர்களுக்கு வெள்ளை உடுத்தி, கையுறை காலுறை மாட்டிப் பெட்டியில் வைப்போம். குளிப்பாட்ட வந்த பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசற்படியிலேயே நின்றார்கள். நானே செய்துகொள்கிறேன் என்று கதவைச் சாத்தினேன். "இப்பிடி ஒரு மனுசன் யாருக்குக் கெடைப்பாக" என்று ஒருத்தி சொன்னது உள்ளே கேட்டது.

பெட்டியை மூடப்போகையில் ஸ்டான்லி அக்காவின் இரண்டு பாதத்தையும் பிடித்துக்கொண்டு அழுதான். ஒரு காலுறை அவன் கையில் நசுங்கியது. உருவினான். நான் அடைத்திருந்த தேங்காய் நார் கொட்டியது. "ஏலே, எங்கக்கா கால எங்கலே வச்சிருக்க?" என்று என் சட்டையைப் பிடித்தான். அதுவரை என்னை மச்சான் என்று மட்டுமே கூப்பிட்டவன்.

வாடை பொறுக்காமல் நோய்க்காலை வெட்டி எறிந்துவிட்டேன் என்று உங்கள் ஏட்டையா எழுதியிருக்கிறார். அது தப்பு, திருத்தச் சொல்லுங்கள். உயிர் அடங்கிய பிறகுதான் எடுத்தேன், நான் ஒன்றும் கொடூரன் இல்லை. எடுத்தது இடது பாதம். ஐந்து விரலும் ஒழுங்காக இருக்கிற பாதம். பின்கட்டு அலமாரியில், மேல்தட்டில், உப்பும் வெண்காரமும் தேய்த்துத் துணி சுற்றி வைத்திருக்கிறேன். உங்கள் ஆட்கள் எடுக்கப் போனால் மோந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கெட்டுப்போனது எல்லாம் குழிக்குத்தான், சார். அவளிடம் நல்லது அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது, எடுத்து வைத்துக்கொண்டேன்.