சீரில் வந்த கேரம் போர்டு

கேரம் போர்டில் போரிக் பவுடரை அள்ளிக் கொட்டக் கூடாது மேடம். இரண்டு விரலால் கிள்ளிப் போட்டு, உள்ளங்கையால் பரப்பி, துணியால் ஒரு துடைப்புத் துடைத்தால் போதும். நிறையப் போட்டால் காய் எங்கே போகிறது என்று யாராலும் கணிக்க முடியாது. உங்கள் ஸ்டேஷன் மூலையில் சாத்தி வைத்திருக்கும் போர்டைப் பார்த்தேன், அதனால் சொன்னேன். தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என் பெயர் துரைப்பாண்டி. திருவேங்கடம் சாலையில் உரமும் விதையும் விற்கும் கடை வைத்திருக்கிறேன். குருவிகுளம், இளையரசனேந்தல் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரிகளுக்கெல்லாம் என்னைத் தெரியும். மழை பொய்த்து, விதைத்தது முளைக்காமல் என் கடை வாசலில் வந்து கத்தியவர்களிடம்கூட நான் குரலை உயர்த்தியதில்லை. என் மனைவி பொன்செல்வி கொடுத்த புகாரை வாசித்துக் காட்டினீர்கள். அதில் பொய் என்று எதுவும் இல்லை. ஆனால் காரணம் இல்லை. காரணத்தைக் கேட்காமல் ஒரு மனிதனைப் பற்றி முடிவுக்கு வருவது நியாயமாகாது.

எங்கள் கல்யாணத்தில் இருந்தே தொடங்குகிறேன். தாலி கட்டி முடித்ததும் பித்தளைக் குடத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, உள்ளே ஒரு மோதிரத்தைப் போட்டார்கள். பொண்ணும் மாப்பிள்ளையும் ஒரே நேரத்தில் கையை விட்டுத் துழாவ வேண்டும். யார் எடுக்கிறார்களோ அவர்கள் கைதான் வீட்டில் ஓங்கும் என்பார்கள். மூன்று தடவை போட்டார்கள், மூன்று தடவையும் நான்தான் எடுத்தேன். கடைசித் தடவை தண்ணீருக்குள் அவள் விரல்கள் என் உள்ளங்கையை லேசாக அழுத்தின. ஒரு பெண் ஆசையோடு என்னைத் தொட்டது அதுதான் முதல் முறை. கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். அவள் அண்ணன் பேச்சிராஜ், “மச்சானுக்குக் கை ராசியான கைதான்” என்று சிரித்தான். அந்த அழுத்தத்தை நான் பல வருஷம் நெஞ்சுக்குள் பொத்தி வைத்திருந்தேன்.

சீர் வந்து இறங்கியபோது பீரோ, கட்டில், கிரைண்டரோடு ஒரு கேரம் போர்டும் இருந்தது. மாப்பிள்ளைக்குப் பொழுதுபோகட்டும் என்று கொடுத்திருக்கிறார்கள் என நினைத்தேன். ஓரமெல்லாம் பழைய கீறல். கொடுக்கிறதுதான் கொடுக்கிறார்கள், புதிதாகக் கொடுக்கக் கூடாதா என்று தோன்றியது. ஆனால் நான் அதைக் கேட்டுப் புதுப் பெண்ணைச் சங்கடப்படுத்தவில்லை.

அவளுக்கு ஆடச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். “இப்படியா பிடிக்கணும்?” என்று கேட்பாள். அவள் ஆள்காட்டி விரலைப் பிடித்து ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் வைத்துக் காட்டுவேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. கடையை அடைத்துவிட்டு வந்ததும் குளித்து, காப்பி குடித்து, ஹாலில் போர்டைப் போட்டு உட்கார்ந்துவிடுவோம். அவள் வெள்ளை, நான் கறுப்பு. சிவப்புக் காயான ரெட்டை நான் போட்டு, அடுத்த அடியில் ஃபாலோவும் போட்டுவிட்டால் “அய்யய்யோ, போச்சே” என்று கன்னத்தில் கை வைத்துக்கொள்வாள். அந்த ‘அய்யய்யோ’வைக் கேட்பதற்காகவே நான் கடையிலிருந்து வேகமாக வருவேன். தோற்றவர்தான் காயை எல்லாம் பெட்டிக்குள் அடுக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பதினோரு வருஷமாக அவள்தான் அடுக்கினாள்.

எதிர்வீட்டுக் கோமதித்தாய் அக்காவைக் கேட்டுப் பாருங்கள், எங்களைப் பற்றிச் சொல்வார். வெளியே போவதென்றால் நான்தான் அவளுக்குக் கார் கதவைத் திறந்துவிட்டு, அவள் ஏறி இறங்கிய பிறகு சாத்தவும் செய்வேன். பழைய கார் மேடம். ஓட்டம் நல்ல ஓட்டம். அவள் பக்கத்துக் கதவு மட்டும் ஒரு தடவையில் நிற்காது, இரண்டாவது தடவை ஓங்கிச் சாத்த வேண்டும். நான் சாத்துவதைப் பார்த்துவிட்டு அக்கா தன் வீட்டுக்காரரிடம், “பொண்டாட்டிய அவருல்லா வச்சிருக்காரு, நீயும் இருக்கியே” என்று சண்டை போட்டிருக்கிறார்.

இந்த ஆடித்தபசுத் திருவிழா முடிந்த மறுவாரம் ஹஸ்னா பானு வீட்டுக்கு வந்தாள். பொன்செல்வியோடு திருவேங்கடத்தில் ஒன்றாகப் படித்தவள். தங்கச்சி நிக்காஹ் பத்திரிகை கொடுக்க வந்திருந்தாள். போர்டைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

“ஏட்டி செல்வி, இந்தப் போர்ட இன்னுமா வச்சிருக்க?” என்றாள். பிறகு என்னைப் பார்த்து, “அண்ணே, இவகூடயா ஆடுதீய? பாவம் நீங்க. ஸ்கூல்ல இவகூட ஆட ஒருத்தியும் வரமாட்டாளுவ. ஸ்ட்ரைக்கர இவ கையில எடுத்தான்னா, நாங்க வெளிய போயித் தண்ணி குடிச்சிட்டு வரலாம். கடைசிக் காய் வரைக்கும் அடுத்த ஆளத் தொடவே விடமாட்டா. டிஸ்ட்ரிக்ட் வரைக்கும் போனவள்லா!” என்றாள்.

“அதெல்லாம் சின்னப்புள்ளைல. சும்மா இரு, வா, காப்பி போடுதேன்” என்று பொன்செல்வி அவளை அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். போகும்போது என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

விருந்தாளி போன பிறகு போர்டை எடுத்துப் போட்டேன். நிஜமாக ஆடு என்று கேட்டேன். வேண்டாங்க என்றாள். நான் அதட்டவில்லை. பவுடர் போட்டு, காயை அடுக்கி, ஸ்ட்ரைக்கரை அவள் பக்கம் தள்ளிவிட்டுக் காத்திருந்தேன். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் சொல்லிக்கொடுத்த மாதிரி அவள் விரலை வைக்கவில்லை. அன்றைக்கு நான் ஸ்ட்ரைக்கரைத் தொடவே இல்லை. இன்னொன்று ஆடு என்றேன், அதிலும் தொடவில்லை. ஒன்று சொல்ல வேண்டும் மேடம், அந்த நேரத்தில் அவள் அவ்வளவு அழகாக இருந்தாள். கண் இமைக்கவில்லை, மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை. அந்த முகத்தை அவள் எனக்கு ஒரு நாளும் காட்டியதில்லை.

கடைசிக் காய் விழுந்ததும் அழுதாள். “எங்கம்மா சொல்லித்தான் அனுப்பினாவ, ஆம்பளைய ஜெயிக்க விட்டுரு, வீடு நல்லாருக்கும்னு. நீங்க ஜெயிச்சா படுக்குத வரைக்கும் சந்தோஷமா இருக்கீய. நான் ஜெயிச்சு எனக்கு என்ன கெடைக்கப் போவுது?”

அப்போதுதான் குடத்துத் தண்ணீர் நினைவுக்கு வந்தது. மோதிரத்தையும் நீதான் வைத்தாயா என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, “நீங்க மோதரம் இல்லாத பக்கமே தடவிக்கிட்டு இருந்தீய. எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாவ. அதான் கையில வச்சேன்” என்றாள்.

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போனது என்பார்கள். என் மதி பதினோரு வருஷம் எங்கோ போயிருந்தது. பேச்சிராஜ் கல்யாணத்தன்று ஏன் சிரித்தான் என்பதும் புரிந்தது. காயை அன்றைக்கு நான்தான் பெட்டிக்குள் அடுக்கினேன்.

நான் கோபப்படவில்லை, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சொல் கடுமையாகச் சொல்லவில்லை. ஆனால் துரோகம் என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. ஊரில் பெண்டாட்டி இன்னொருவனோடு போய்விட்டால் அதைத்தான் துரோகம் என்பார்கள். அவனுக்காவது அவள் போய்விட்டாள் என்று தெரியும். நான் ஆசையாக ஓடி வந்தேனே, அந்த ‘அய்யய்யோ’ பொய். என் ரசம் நன்றாக இருக்கிறது என்றாளே, அது? நான் ஜோக் சொன்னால் சிரிப்பாளே, அது? இரவில் என் பக்கம் திரும்பிப் படுப்பாளே, அது? விதை முளைக்கவில்லை என்றால் சம்சாரி நேரே வந்து என் முகத்துக்கு எதிரே சொல்கிறான். அவள் மட்டும், நல்லா முளைச்சிருக்கு என்று சொல்லிச் சொல்லியே என்னைக் கட்டாந்தரையில் நிற்க வைத்துவிட்டாள்.

நிக்காஹ்வுக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம். பிரியாணி நன்றாக இருந்தது. கை கழுவிவிட்டு வரும்போது ஹஸ்னா பானுவும் இன்னும் இரண்டு சிநேகிதிகளும் பொன்செல்வியைச் சுற்றி நின்றார்கள். “என்னண்ணே, இப்ப யாரு ஜெயிக்கா?” என்று ஹஸ்னா பானு கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். பொன்செல்வியும் சிரித்தாள். சும்மா கேட்டிருக்கலாம். நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

வீட்டு வாசலுக்கு வந்து காரை நிறுத்திவிட்டு, வழக்கம்போல நான்தான் சுற்றி வந்து கதவைத் திறந்தேன். இறங்கினாள். ஒரு கையில் தாம்பூலப் பை. செருப்பு வார் கழன்றிருந்தது. அதைக் காலால் மாட்டிக்கொள்வதற்காக, விழுந்துவிடாமல் இருக்க, வலது கையால் கதவுத் தூணைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கதவு சாத்தும் இடுக்குக்குள் வளைந்திருந்தன. நல்ல வெயில், எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. நான் கதவைச் சாத்தினேன்.

இரண்டாவது தடவையைப் பற்றிக் கேட்கிறீர்கள். அதுதான் முன்னாலேயே சொன்னேனே மேடம், அந்தக் கதவு ஒரு தடவையில் நிற்காது.

ஆஸ்பத்திரியில், காற்றில் கதவு அடித்துக்கொண்டது என்று சொன்னது அவள்தான். நான் சொல்லச் சொல்லவில்லை. வலியில் உதடு வெளுத்திருந்தது, ஆனாலும் டாக்டர் முகத்தைப் பார்த்து எவ்வளவு இயல்பாகச் சொன்னாள் தெரியுமா? எலும்பு நொறுங்கிவிட்டது, கம்பி வைத்தாலும் பழையபடி மடங்காது என்றார் டாக்டர். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்த்துக்கொண்டது தெருவுக்கே தெரியும். ஊட்டிவிட்டேன், தலை பின்னிவிட்டேன். கோமதியம்மன் கோயிலிலிருந்து புற்றுமண் வாங்கி வந்து, தினமும் தண்ணீரில் குழைத்து, கட்டுக்கு வெளியே தெரிந்த விரல் நுனியில் பூசிவிட்டேன். பூசும்போது அவள் கண்ணை மூடிக்கொள்வாள்.

கட்டுப் பிரித்ததும் மறுபடியும் போர்டைப் போட்டேன். இடது கையால் ஆடச் சொன்னேன், பாவம், காய் எங்கெங்கோ ஓடியது. சில நாள் நானே தப்பாக அடித்து அவளுக்கு வழி விட்டேன். அது வேறு, அது பாசம். சொல்லப்போனால் எங்கள் கல்யாண வாழ்க்கையில் அந்த நாட்கள்தான் ஒளிவு மறைவு இல்லாத நாட்கள். இரண்டு பேருக்கும் எல்லாம் தெரியும், யாருக்கும் யாரிடமும் மறைக்க எதுவும் இல்லை.

போன வாரம் ஒரு சாயங்காலம் ரெட் அவள் பக்கத்து மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. வலது கைக்காரர்களுக்கே சிரமமான காய். அவள் இடது கையால் ஒரு தட்டுத் தட்டினாள், ஸ்ட்ரைக்கர் எதிர்க்கட்டையில் பட்டுத் திரும்பி வந்து ரெட்டைக் குழிக்குள் தள்ளியது. அடுத்த அடியில் ஃபாலோவும் விழுந்தது. அவள் போர்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அதற்கடுத்து குழி வாயிலேயே நின்ற ஒரு காய், ஊதினால் விழுந்துவிடும். அதைத் தவறவிட்டாள். “அய்யய்யோ, போச்சே” என்றாள்.

 காயை எல்லாம் ஒன்று சேர்த்துவிட்டு, “நாளைக்குக் கார்ல குருவிகுளம் வரைக்கும் போயிட்டு வருவமா?” என்று மட்டும் கேட்டேன். ஒரு புருஷன் பெண்டாட்டியைக் கூப்பிடுகிறான், அவ்வளவுதான். அவள் இடது கையைப் புடவை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, சரிங்க என்றாள்.

மறுநாள் நான் கடையிலிருந்து வரும்போது வீடு பூட்டியிருந்தது. பேச்சிராஜ் வந்து கூட்டிப்போனதாகக் கோமதித்தாய் அக்கா சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். பீரோ திறந்து கிடக்கவில்லை, நகை அப்படியே இருந்தது, போர்டும் இருந்தது. ஸ்ட்ரைக்கரை மட்டும் காணவில்லை. அவளிடம் கேட்டு வாங்கிக் கொடுங்கள் மேடம், அது இல்லாமல் சாயங்காலம் போகவே மாட்டேன் என்கிறது.

மற்றபடி நான் எதையும் மறுக்கவில்லை. பார்த்துத்தான் சாத்தினேன். இரண்டாவது தடவையும் பார்த்துத்தான் சாத்தினேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை. டாக்டரிடம் சொன்ன அதே பொய்யை அவள் உங்களிடமும் சொல்லியிருக்கலாம். பதினோரு வருஷம் முகம் மாறாமல் எனக்காக நடித்தவளுக்கு, இன்னும் ஒரே ஒரு தடவை எனக்காக நடித்துவிட மனம் வரவில்லை.