கிழக்குச் சுவரில் ஒரு பானை

— …எனக்குன்னு பாயெல்லாம் விரிக்க வேணாம், இந்தக் கல்லு மேலயே உக்காந்துக்கறேன். நீ மொதல்ல அவன எழுப்பு.

— எழுப்ப முடியாதுங்க ரைட்டரய்யா. இப்பத்தான் கண்ண மூடுனாரு.

— பட்டப் பகல்ல என்ன தூக்கம்? மொதலாளி வண்டி கட்டி அனுப்பியிருக்காரு நஞ்சம்மா. ஆறு மைலு வெயில்ல வந்திருக்கறேன். திம்மராயன் மேஸ்திரியப் பாக்காமப் போவ மாட்டேன்.

— நாலு மாசமா அவரு உங்க ஆபீசு வாசல்ல உக்காந்து உங்களப் பாத்தாரு. நீங்க ஒரு நாளு வந்து பாக்கறீங்க. பரவால்ல. தண்ணி தரட்டுங்களா?

— தண்ணி இருக்கட்டும். ரெண்டு வாரமா ஊர்லயே ஆளக் காணோம்னாங்க?

— எங்கம்மா ஊருக்குப் போயிருந்தோம், நாட்றாம்பாளையத்துக்கு. மலையில ஒருத்தரு மருந்து குடுக்கறாருன்னு சொன்னாங்க.

— கொணமாச்சா?

— ம்…

— என்ன ம்… இந்தா, இருமறான் பாரு. தூங்கறான்னு சொன்னியே. என்ன முழிக்கறே?

— உங்களுக்குக் கேட்டுச்சா?

— எனக்கென்ன காது செவிடா? கல்லுத் தூசி இருமல். நாலு மாசம் ஆபீசு வாசல்ல கேட்டதாச்சே, எனக்குத் தெரியாதா?

— …ஆமாங்க. அவரு இருமல்தான். தூக்கத்துலயும் உடறதில்ல. சேதி என்ன, எங்கிட்டச் சொல்லுங்க. நான் அவருகிட்டச் சொல்றேன்.

— நீங்க கல்லு வேல பாத்த அந்தப் புது முசாபரி பங்களா விசயந்தான்.

— அதுக்கில்லாம எங்க ஊட்டுக்கு வண்டி எதுக்கு வருது.

— கெழக்கு அறைச் சுவத்துல சத்தம் வருது.

— என்ன சத்தம்?

— தெரியாத மாதிரி கேக்காத. பானை வெச்சுக் கட்டிட்டான் உங்காளு. கூலி வராதுன்னு தோணுச்சுன்னா வெறும் பானையச் சுவத்துக்குள்ள வெச்சு, அதோட வாய்க்கு நேரா ஒரு விரக்கடைச் சந்து உட்டுருவீங்களாம். காத்து பூந்தா சுவரு முனகுமாம். பாகலூர்ப் பக்கம் ஒரு பெரிய ஊட்டுல மூணு வருசம் முனகுச்சுன்னு சொன்னாங்க.

— மூணு இல்லீங்க, நாலு. எங்க மாமனாரு வெச்சது. காசு எண்ணிக் குடுத்த அன்னிக்கு அவரே போயி ஒரு கை சுண்ணாம்ப அப்பிட்டு வந்தாரு. நின்னு போச்சு.

— அப்ப நெசந்தான்.

— நீங்க சர்க்காருகிட்ட பத்திரம் எழுதிக்கறீங்க. எங்களுக்கு யாரு எழுதித் தர்றா? எங்களுக்குப் பானைதான் பத்திரம்.

— பேச்சு மட்டும் நல்லாப் பேசு. வர்ற வியாழக்கெழம மெட்ராசுல இருந்து ஒரு கமிட்டி வருது. அந்தப் பங்களாவுலதான் தங்கறாங்க. அங்கயேதான் விசாரணை.

— என்ன விசாரணைங்க?

— சட்டத்த மாத்தப் போறாங்க. இப்ப எப்படி? சர்க்காரு வேலைய எங்க மொதலாளி எடுக்கறாரு. அவருகிட்ட இருந்து கல்லு வேலைய மட்டும் திம்மராயன் உள்குத்தகை எடுக்கறான். சர்க்காரு பில்லுப் பணம் மொதலாளிக்குப் போவுது. அவரு குடுத்தா உங்களுக்கு உண்டு.

— குடுக்காட்டி?

— குடுக்காட்டி ஒண்ணும் பண்ண முடியாது. அதத்தான் மாத்தறாங்க. இனிமே உள்குத்தகைக்காரன் நேர்ல வந்து எனக்குப் பாக்கி தீந்துச்சுன்னு சொன்னாத்தான் பெரிய குத்தகைக்காரரோட கடசி பில்லு பாஸாவும்.

— நல்ல சட்டந்தானே.

— உனக்கு நல்லது. எங்க மொதலாளி ராத்திரியில தூங்கறதில்ல. கமிட்டி முன்னால உங்காளு வந்து வாங்கிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லணும்.

— வாங்காமயே சொல்லணுமா?

— வாங்கிக்கிட்டுத்தான் சொல்லணும். கொண்டாந்திருக்கறேன்.

— எவ்வளவு?

— எரநூறு.

— எங்களுக்கு வர வேண்டியது எண்ணூத்தி நாப்பது ரைட்டரய்யா. நோட்டு உங்ககிட்டத்தான் இருக்குது.

— இப்பத்திக்கு எரநூற வாங்கிக்க. உள்ள போயி அவன்கிட்டக் கேளேன். அவன் சரின்னுதான் சொல்லுவான், அவன் உன்னாட்டம் இல்ல.

— அவரு என்னாட்டம் இல்லாததுனாலதான் நாலு மாசம் ஓடிப் போச்சு. இருங்க, கேட்டுட்டு வர்றேன்.

— நானும் வர்றேன்.

— வேணாங்க. கோவணத்தோட கெடக்கறாரு. பாத்தீங்கன்னா வெக்கப்படுவாரு.

— சரி சரி, சீக்கிரம் கேளு… என்ன நஞ்சம்மா, உள்ள பேச்சுச் சத்தத்தையே காணோம்… ஏ நஞ்சம்மா…

— வந்துட்டேன், வந்துட்டேன். முழுசா குடுத்தாத்தான் எந்திரிப்பேங்கறாரு.

— எனக்கு ஒண்ணுமே கேக்கலியே.

— பேசுனா இருமலு வருதுன்னு தலைய மட்டும் ஆட்டறாரு.

— நானூறு. மீதி தை மாசம்.

— தை மாசம் அவரு இருந்தா?

— ஏன், அவனுக்கு என்ன? கட்ட மாதிரி இருந்தவன்.

— மங்கம்மா புருசன் கிருஷ்ணப்பனும் கட்ட மாதிரிதான் இருந்தான். பாலத்து வேலையில முந்நூறு ரூவா பாக்கி. பாம்பு கடிச்சுப் போயிட்டான். மங்கம்மா வந்து கையக் கட்டிக்கிட்டு நின்னப்ப உங்க மொதலாளி என்ன சொன்னாரு?

— அதெல்லாம் பழைய கத…

— சொல்லுங்க. நீங்கதான் பக்கத்துல நோட்ட வெச்சிக்கிட்டு நின்னீங்க.

— பேச்சு அவனோட, உன்னோட இல்ல. அவனக் கூட்டிக்கிட்டு வா, குடுக்கறேன்னாரு.

— செத்தவனக் கூட்டிக்கிட்டு வான்னாரு. அவ அழுவலீங்க. கெக்கெக்கேன்னு சிரிச்சுட்டா. இப்ப ரோட்டுக்கு ஜல்லி ஒடைக்கறா, தெனம் பாக்கறேன். நீங்க சொல்ற புது சட்டத்துல அதுக்கு எதாச்சும் இருக்குதா? ஆளு போயிட்டா பொண்டாட்டிக்கு வரும்னு?

— இன்னும் எழுதல. கமிட்டியில யாராச்சும் கேட்டா எழுதுவாங்களோ என்னமோ.

— அப்ப இன்னிக்கு வரைக்கும் ஆளு செத்தா காசும் செத்துச்சு.

— இன்னிக்கு வரைக்கும் அப்படித்தான். உனக்கு எதுக்கு அந்தப் பேச்சு? உன் புருசன் உள்ள குத்துக்கல்லாட்டம் இருக்கான், இருமிக்கிட்டு. என்ன, கண்ணு கலங்குது?

— அடுப்புப் பொகை.

— அடுப்பே எரியலியே.

— காலையில எரிஞ்ச பொகைங்க. எண்ணூத்தி நாப்பத எடுத்து வெய்யுங்க. அது எனக்குன்னு நெனச்சீங்களா? பன்னண்டு ஆளு கூலி. மாரம்மா வந்து தெனம் வாசல்ல நிக்கறா, வாயத் தொறந்து கேக்க மாட்டேங்கறா. வெள்ளையம்மா மூணு மாசம் வயித்துப் புள்ளையோட கல்லு சொமந்தா. ஆயுசு போறதுக்குள்ள இவங்க கடனத் தீத்துருவேன்னு வாக்குக் குடுத்திருக்காரு.

— ஐநூறு. அதுக்கு மேல எனக்கு உத்தரவு இல்ல.

— வேணாம் உடுங்க. சுவரு முனகிக்கிட்டே கெடக்கட்டும். கமிட்டிக்காரங்க சங்கீதம் கேட்டுக்கிட்டு தூங்கட்டும்.

— நஞ்சம்மா…

— முழுசா குடுத்தீங்கன்னா அவரு கூட வேணாம், நானே வந்து அடச்சுக் குடுக்கறேன். எடம் எனக்குத் தெரியும். கெழக்குச் சன்னலுக்குக் கீழ ரெண்டு மொழம், எடது கைப் பக்கம்.

— அங்க இல்ல.

— இல்லாம எங்க போவும்? நான்தானே சுண்ணாம்பு எடுத்துக் குடுத்தேன்.

— இல்லன்னா இல்ல.

— நீங்க சுவத்துக்குள்ள பூந்து பாத்தீங்களா?

— …பாத்தோம். ஆடி கடசியில ஒடச்சு எடுத்துட்டோம்.

— எடுத்துட்டீங்களா?

— எடுத்தாச்சு. மொதலாளி கையில வெச்சுப் பாத்துட்டுச் சிரிச்சாரு. பத்து நயா பைசா பானைக்கு எண்ணூறு ரூவாயான்னு தூக்கித் தரையில போட்டாரு. சுவத்தையும் பூசியாச்சு. பத்து நாளு ஒரு சத்தமும் இல்ல.

— அப்பறம் எதுக்கு இந்த வெயில்ல வந்து பானை பானைன்னு என் உசுர வாங்கறீங்க?

— பானைன்னே சொல்லச் சொன்னாரு. நாங்க பயந்துட்டோம்னு தெரிஞ்சா நீங்க ரெண்டு பங்கு கேப்பீங்களாம்.

— எதுக்குப் பயந்தீங்க?

— போன புதன்கெழம, வெளக்கு வெக்கிற நேரம்… மறுபடி ஆரம்பிச்சுது.

— புதன்கெழமயா?

— புதன்கெழமதான். சந்தைக்குப் போயிட்டு வந்தேன், அதான் நல்லா ஞாபகம் இருக்குது. காத்தே இல்ல நஞ்சம்மா. புளியமரத்துல ஒரு எல அசையல.

— முனகுச்சா?

— முனகல் இல்ல. முனகுனா காத்துன்னு சொல்லிக்கலாமே. அது… இருமுது. சுவத்துக்குள்ள ஒரு ஆளு உக்காந்து இருமற மாதிரி. மூணு இருமல், ஒரு இழுப்பு, மறுபடி மூணு. வாட்ச்மேன் முனிவேலு சாவியத் தூக்கிக் குடுத்துட்டு ஓடிட்டான். மொதலாளி வந்து காத வெச்சுக் கேட்டாரு. ஏனப்பா இது, ஏனப்பா இதுன்னு, என்னப்பா இதுங்கறதையே கன்னடத்துல சொல்லிக்கிட்டு நின்னாரு. மறுபடி சுவத்த ஒடச்சோம். உள்ள கல்லுதான் இருக்குது. கல்லுக்குள்ள இருந்து இருமுது.

— இருமல் யாரோடதுன்னு நெனச்சீங்க?

— மூணு இருமல், ஒரு இழுப்பு. யாரோடது? உங்காளு அங்க எங்கயோ ஒளிஞ்சிக்கிட்டு வேல காட்டறான்னு நெனச்சோம். பரண் மேல, கெணத்துல, எல்லாம் தேடியாச்சு. உன்கிட்ட மறைப்பானேன், வண்டியில வரும்போது எனக்கு வேற நெனப்பும் வந்துச்சு. வேண்டாத நெனப்பு. இங்க வந்து, உள்ள அவன் இருமறதக் கேட்டப்பறந்தான் எனக்கு உசுரே வந்துச்சு. இந்தா. இதப் புடி.

— எவ்வளவு இது?

— எண்ணூத்தி நாப்பதும் இருக்குது. எண்ணிக்க. கொறச்சு முடிச்சா மீதிய நீ வெச்சுக்கன்னு மொதலாளி சொன்னாரு. எனக்கு வேணாம் தாயி.

— சீட்டு எழுதுங்க.

— திம்மராயன் வந்து கைநாட்டு வெக்கட்டும்.

— பொண்டாட்டி நஞ்சம்மா வசம் குடுத்தேன்னு எழுதுங்க. நான் வெக்கறேன் கைநாட்டு. கமிட்டி முன்னாலயும் நானே வந்து சொல்றேன், வாங்கிட்டேன்னு. நாலு மாசம் இழுத்ததையும் சேத்துச் சொல்லுவேன், மங்கம்மா கதையையும் சொல்லுவேன். சம்மதமா?

— சொல்லிக்க. அந்தச் சத்தம் நின்னாச் சரி.

— குடுத்தது குடுத்ததுதானே? எதக் கேட்டாலும், எதத் தெரிஞ்சுக்கிட்டாலும் திரும்ப வந்து கேக்க மாட்டீங்களே?

— என் புள்ளங்க மேல ஆணை. இந்தச் சென்னகிருஷ்ணன் தன் மொதலாளிக்காகப் பொய் எழுதியிருக்கான், புள்ளங்க மேல பொய் சொன்னதில்ல. இந்தா சீட்டு. வெரல வெய்யி… ஆச்சு. இப்ப நான் உள்ள போறேன்.

— எதுக்குங்க?

— அவன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

— எங்கிட்டச் சொல்லுங்க.

— உன்கிட்டச் சொல்ற விசயம் இல்ல… சரி, நீயும் கேட்டுக்க. பங்குனியிலயே அவன் பேர்ல பாக்கி தீந்துச்சுன்னு நோட்டுல எழுதியாச்சு. எழுதுனது நான். வண்டிக்காரன் வெரலப் புடிச்சு மையில தொட்டு வெச்சேன். அதுக்கப்பறம் தெனமும் அவன் வாசல்ல உக்காந்து, ரைட்டரய்யா இன்னிக்காச்சும் ஆவுமான்னு கேப்பான். பாக்கலாம் பாக்கலாம்னு சொல்லிக்கிட்டு அவன் மூஞ்சியப் பாக்காமப் போவேன். அவன் கால்ல உழுந்தாத்தான் எனக்குச் சோறு எறங்கும். தள்ளிக்க நஞ்சம்மா.

— போவாதீங்க.

— இந்தா, மறுபடியும் இருமறான். முழிச்சுத்தான் இருக்கான். மூணு… ஆங், இப்ப இழுப்பு. ஒரு நிமிசம், உள்ள போயிட்டு வந்துடறேன்.

— உள்ள ஆரும் இல்லீங்க ரைட்டரய்யா. போன புதன்கெழம வெளக்கு வெக்கிற நேரத்துல, நாட்றாம்பாளையத்துல என் மடியிலயே போயிட்டாரு. அங்கயே பொதச்சுட்டு, வளையலக் கூட ஒடைக்காம, கேட்டவங்ககிட்டயெல்லாம் உள்ள படுத்திருக்காருன்னு சொல்லிக்கிட்டு உக்காந்திருக்கறேன். செத்துட்டாருன்னு தெரிஞ்சா மங்கம்மாளுக்குச் சொன்னதத்தானே எனக்கும் சொல்லுவீங்க. ஊட்டுக்கு வந்த நாள்ல இருந்து அந்த இருமலு கேக்குது… எனக்கு மட்டுந்தான் கேக்குதுன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்.