கதவோரக் கட்டில்

தொட்டியில ஒண்ணுமில்ல டாக்டரம்மா, சும்மா எட்டிப் பாத்து கழுத்தைச் சுளுக்கிக்காதீங்க. போன வாரந்தான் பிளீச்சிங் பவுடர் கொட்டிக் கழுவினேன். இப்ப அதுல மீனை விட்டா மீனே தும்மும். வாங்க, இப்படி ஸ்டூல்ல உக்காருங்க. மேனேஜர் உங்களுக்கு கூல்டிரிங்க்ஸ் வாங்கப் போயிருக்காரு. அவரே போயிருக்காருன்னா பயம் எவ்வளவுன்னு பாத்துக்குங்க. அவரு வர்றதுக்குள்ள சொல்லிடறேன்.

நானா? இந்த ஹாஸ்டல் வாட்ச்மேன். தையல் கம்பெனிப் பொண்ணுங்க அறுபது பேருக்கும் காவல். காலையில எழுப்பி விடறதும் நான்தான். அறுபதுல இருபத்தாறு பேருக்கு இருமல், காய்ச்சல். ஒருத்தி ஆஸ்பத்திரில. தண்ணியில கிருமின்னு நீங்க எழுதிட்டுப் போயிடணும், அதான் மேனேஜர் ஆசை. எழுதிடாதீங்க. எழுதினா தொட்டிக்கு இன்னொரு மூட்டை பவுடர் வரும், பொண்ணுங்க பழையபடி மெஷினுக்குப் போயிட்டே இருப்பாங்க.

ஏன் கடிகாரத்தையே பாக்கறீங்க? அது கிடக்கட்டும், அப்புறம் வர்றேன்.

முதல்ல அந்த அண்டாவைத் திறந்து பாருங்க. குழம்புங்க அது, நிஜமா. பொண்ணுங்க அதுல முகம் பாத்துத் தலை சீவிக்கலாம். பருப்பு ஒண்ணு தட்டுப்பட்டா, யாருக்குப் பல்லு விழுந்துச்சுன்னு தேடுவாங்க. வாரத்துக்கு ஒரு முட்டை. அதையும் தையல் நூலை வெச்சு நாலா அறுத்துடுவான் சமையக்காரன். ஒரு கொசு இங்க ஒருத்தியைக் கடிச்சிட்டு, ரத்தத்துல சத்தே இல்லாம மயங்கி விழுந்துச்சு. நான்தான் தண்ணி தெளிச்சு எழுப்பி அனுப்பினேன்.

சிரிங்க, சிரிங்க. நான் இப்பெல்லாம் அந்த அண்டா மூடியைத் தூக்கறதே இல்ல.

வேலை மட்டும் என்ன வாழுதாம்? தைச்ச துணி எண்ணிக்கை குறைஞ்சா அந்தப் பொண்ணோட மெஷின் மேல செவப்பு லைட்டு எரியும். அவ எழுந்து நின்னு, அத்தனை பேரும் பாக்க, நான் சோம்பேறின்னு மூணு தடவை சொல்லணும். தூ! யாரு மூளையில உதிச்சுதோ. இங்க தூக்கத்துல கூட அதைச் சொல்லுதுங்க டாக்டரம்மா, என் காதால கேட்டேன்.

ஆஸ்பத்திரில ஒரு நர்ஸம்மா சொன்னா. உடம்புக்குள்ளயும் என்னை மாதிரி வாட்ச்மேனுங்க இருக்காங்களாம், கிருமி வந்தா அடிச்சு விரட்ட. அவங்களுக்குச் சோறு போடணும், தூங்க விடணும், ஓயாம மிரட்டக் கூடாது. இல்லேன்னா வாசல் திறந்தபடி கிடக்கும், எவன் வேணா உள்ள வரலாம்னா. சரிதானே? நான் புளுகன்னு ஊருக்கே தெரியும், அதான் உங்ககிட்ட கேட்டுக்கறேன்.

இதோ, இந்தக் கதவோரக் கட்டில்காரி. விரல்ல ஊசி ஏறிடுச்சு. அது ஒரு காயமா? மூணு நாள்ல பொருக்குத் தட்டணும். இருபது நாளா சீழ். அப்புறம் இருமல், காய்ச்சல். லீவு கேட்டா. வருஷம் பூரா லீவு போடாதவங்களுக்கு ஒரு பிளாஸ்டிக் பக்கெட் தர்றாங்க, அது உனக்கு வேணாமான்னாரு மேனேஜர். பக்கெட்டுங்க! போனா. இப்ப நுரையீரல் ரெண்டும் சளி, மூக்குல ஆக்ஸிஜன் குழா. இன்னும் ரெண்டு நாள் தாண்டணுமாம்.

தூக்கமா? ஏழு மணி நேரம்னு ரிஜிஸ்டர்ல இருக்கும். பொண்ணுங்களைக் கேட்டாலும் ஏழுன்னுதான் சொல்லுவாங்க. பொய் இல்ல, நிஜமா அப்படித்தான் நம்பறாங்க. இவ்வளவு தூங்கியும் அசதி போகலையே, நமக்குத்தான் ஒடம்பு வணங்கலையோன்னு தன்னையே திட்டிக்கறாங்க. செல்போனை கேட்லயே வாங்கி வெச்சுக்கறோம். ஜன்னலுக்கெல்லாம் பச்சை பெயிண்ட்.

இப்ப உங்க வாட்ச்ல மணி என்ன? பதினொண்ணேகால். சுவத்துல? பன்னெண்டேமுக்கால். வாட்சைத் தட்டாதீங்க, அது நல்லாத்தான் ஓடுது.

எல்லாரும் அசந்ததும் ஸ்டூல் போட்டு ஏறி, முள்ளை ஒன்றரை மணி நேரம் முன்னால தள்ளுவேன், அவங்க தூங்கற ஏழு அஞ்சரை ஆயிடும். சாயங்காலம் அவங்க திரும்பறதுக்குள்ள பின்னால இழுத்துடுவேன். கம்பெனிக்குள்ள இருக்கற கடிகாரத்துக்கு வேற ஆளு. நாலு வருஷமா நடக்குது. ஆமா, நீங்க உக்காந்திருக்கற ஸ்டூல்தான்.

கொசு கதை புளுகு. இது புளுகு இல்ல. எழுதிக்குங்க, வாட்ச்மேன் தள்ளினான்னே எழுதுங்க. கேட் சத்தம் கேக்குது, சீக்கிரம்.

ஏன் ஒத்துக்கிட்டேனா? மாட்டேன்னா நீயும் கிளம்பு, உன் பொண்ணும் கிளம்பட்டும்னாரு மேனேஜர். நான்தான் கெஞ்சிக் கூத்தாடி அவளை இங்க சேத்து விட்டிருந்தேன். எந்தப் பொண்ணா? சொல்லலையா நான்? இந்தக் கதவோரக் கட்டில்தான்.

அன்னிக்கு நெத்தி கொதிக்குது அவளுக்கு. இப்பதானேப்பா படுத்தேன்னு போர்வையை இழுத்துக்கிட்டா. மணியைப் பாரும்மான்னு சுவத்தைக் காட்டினேன்.

பாத்தா. எழுந்து போயிட்டா.