இன்னொண்ணு யாருக்கு?

நர்ஸ்: அப்போ இன்னொண்ணை யாருக்குக் குடுத்தீங்க அக்கா?

தங்கச்சி: எந்த இன்னொண்ணு?

நர்ஸ்: கிட்னிதான். ஸ்கேன்ல ஒண்ணுதானே இருக்கு. இந்த வார்டுக்கு ஒத்தைக் கிட்னியோட வர்றவங்கள்ல பாதிப் பேர் குடுத்தவங்கதான். புருஷனுக்கு, அண்ணனுக்குன்னு...

தங்கச்சி: நான் யாருக்கும் குடுக்கல சிஸ்டர். பொறக்கும்போதே ஒண்ணுதான். இதோ உக்காந்திருக்காங்களே, செத்துப்போன எங்க அண்ணனோட சம்சாரம். இவங்களைக் கேளுங்க, விவரமாச் சொல்வாங்க.

அண்ணி: ஆரம்பிச்சிட்டியா... நான் வந்து இன்னும் மூச்சுகூட விடல.

தங்கச்சி: ஸ்கேனை நல்லாப் பாத்தீங்களா சிஸ்டர்? எங்கயாவது ஒரு மூலையில இன்னொண்ணு கிடக்கப் போகுது. எங்க வீட்டுல ஆறு வருஷமாத் தேடிட்டு இருக்காங்க.

நர்ஸ்: அது என்னக்கா சாவியா, அலமாரிக்குப் பின்னால விழுந்து கிடக்க? இல்லாதது இல்லதான். கையை நீட்டுங்க, பிரஷர் பாக்கணும்.

அண்ணி: ரொம்பப் பெரிய ஆபரேஷனா சிஸ்டர்?

நர்ஸ்: வயித்தைக் கிழிக்க மாட்டாங்க. சின்னச் சின்ன ஓட்டை போட்டு, கேமராவை உள்ள விட்டு, டிவியில பாத்துக்கிட்டே செய்யறது. கிட்னியிலேர்ந்து மூத்திரம் இறங்குற குழாய் ஒரு இடத்துல சுருங்கிக் கிடக்கு. அந்த இடத்தை மட்டும் நறுக்கிட்டு, நல்லா இருக்கிற ரெண்டு முனையையும் சேர்த்துத் தைப்பாங்க.

அண்ணி: அப்போ பயமில்ல.

நர்ஸ்: மத்தவங்களுக்கு ஒரு பக்கம் அடைச்சா இன்னொரு பக்கம் பாத்துக்கும். இவங்களுக்கு அந்த வசதி இல்ல. தையல் பிடிக்கணும்.

அண்ணி: பிடிக்கலன்னா...

நர்ஸ்: அதெல்லாம் டாக்டர் பேசுவாரு. அக்கா, முதுகுல இருக்கிற குழாயை நசுக்கிடாமப் படுங்க. இப்போதைக்கு அது வழியாத்தான் எல்லாம் இந்தப் பையில இறங்குது. ஸ்ட்ரெச்சர் வந்ததும் வரேன்.

தங்கச்சி: பிடிக்கலன்னா டயாலிசிஸ் அண்ணி. அண்ணன் படுத்திருந்த மாதிரி நானும் படுத்துக்க வேண்டியதுதான். அதானே கேட்டீங்க?

அண்ணி: ஆபரேஷனுக்குப் போறவ பேசுற பேச்சா இது? உன் வீட்டுக்காரர் எங்க?

தங்கச்சி: கீழ ரத்தம் குடுக்கப் போயிருக்காரு. நீங்க வர்றதைப் பாத்துட்டுத்தான் போனாரு. உங்க மூஞ்சியில முழிக்க மாட்டாராம்.

அண்ணி: சரி... அவருக்கும் நான்தான் ஆகாதவளா? நல்லாத்தானே இருந்தே, எப்படி சுருங்குச்சு?

தங்கச்சி: கல்லு. டோல் பூத்துல உக்காந்துட்டா மாத்தி விட ஆள் வர்ற வரைக்கும் எழுந்திருக்க முடியாது. தண்ணி குடிச்சாத்தானே பாத்ரூம் போகணும்? அதனால குடிக்கறதே இல்ல. கல்லு வந்து குழாயில மாட்டுச்சு. எடுத்தாங்க. எடுத்த இடம் புண்ணாகி ஆறும்போது சுருங்கிப் போச்சு.

அண்ணி: அறிவிருக்கா உனக்கு? இருக்கிறதே ஒண்ணு, அதை வச்சுக்கிட்டு தண்ணி குடிக்காம... என்ன பாக்குற?

தங்கச்சி: இருக்கிறதே ஒண்ணுன்னு உங்க வாயால வந்துடுச்சு. அதைத்தான் பாக்குறேன்.

அண்ணி: அந்த நர்ஸே சொல்றாளே. நம்பாம என்ன பண்றது?

தங்கச்சி: அண்ணனுக்குக் குடுக்கலாம்னு நான் டெஸ்டுக்கு வந்த அன்னைக்கு டாக்டரே இதைத்தான் சொன்னாரு. நம்பலயே.

அண்ணி: டாக்டருங்க சொல்றதையெல்லாம் அப்படியே நம்பிட முடியாது. அவங்க வேலை பாக்கிற விதமே வேற. உனக்குத் தெரியாது.

தங்கச்சி: தெரியலதான். சொல்லுங்க.

அண்ணி: குடுக்க வந்தவங்களைத் தனியா ஒரு ரூமுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. கூட யாரும் வரக்கூடாது. 'மனசு இல்லன்னா சொல்லிடும்மா, ஒத்துவரலன்னு வீட்டுல நாங்களே சொல்லிடறோம், யாருக்கும் தெரியாது'ன்னு சொல்வாங்க. உனக்கும் அப்படித்தான் ஒரு காரணம் சொல்லிக் காப்பாத்தி விட்டிருக்காங்கன்னு நெனச்சேன். அது தப்பா?

தங்கச்சி: நெனச்சதோட விட்டீங்களா? அண்ணன் செத்த அன்னைக்கு வாசல்ல என்னை மறிச்சு, வந்தவங்க அத்தனை பேரும் கேக்க, 'அண்ணனைக் கொன்னவ உள்ள வரக்கூடாது'ன்னு சொன்னீங்க. தெருமுனையில நின்னு, வண்டி போறதை மட்டும்தான் பாத்தேன்.

அண்ணி: புருஷனைப் பறிகுடுத்தவ பேசின பேச்சு. அதையா மனசுல வச்சிருக்க?

தங்கச்சி: அம்மா வச்சுக்கிட்டாங்களே. 'என் வயித்துல குறையாப் புள்ள பொறக்கல, எனக்குத் தெரியாதா'ன்னு கேட்டாங்க. அதோட சரி. என்கிட்ட பேச்சே இல்ல.

அண்ணி: நீதான் வாயைத் திறக்கலயே! ஸ்கேனைக் கொண்டுவந்து அவங்க மூஞ்சிக்கு நேரா நீட்டியிருக்கலாம்ல? ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. சும்மா நின்ன. நீ சும்மா நின்னதாலதான் எனக்கு சந்தேகமே உறுதியாச்சு.

தங்கச்சி: சும்மா நிக்க ஒரு காரணம் இருந்துச்சு.

அண்ணி: என்ன காரணம்?

தங்கச்சி: அதை விடுங்க. நான் அம்மாவைத்தான் வரச் சொன்னேன். நீங்க வந்து உக்காந்திருக்கீங்க.

அண்ணி: அத்தைக்கு முட்டி வலி. படி ஏற முடியாது.

தங்கச்சி: இங்க லிப்ட் இருக்கு. அவங்ககிட்ட சொன்னீங்களா இல்லையா?

அண்ணி: உனக்கு உடம்பு சரியில்லன்னு சொன்னேன்...

தங்கச்சி: என்ன உடம்புன்னு சொல்லல.

அண்ணி: வயசானவங்ககிட்ட எல்லாத்தையும் போட்டு உடைக்க முடியுமா?

தங்கச்சி: இப்போ போன் போடுங்க அண்ணி. வேற ஒண்ணும் வேண்டாம். 'அத்தை, இவளுக்கு நிஜமாவே ஒண்ணுதான், நான் கண்ணால பாத்தேன்'னு மட்டும் சொல்லுங்க. சொல்லிட்டு போனை என் காதுல வைங்க. உள்ள போறதுக்கு முன்னாடி அம்மா குரலைக் கேக்கணும். திட்டினாக்கூட பரவாயில்ல.

அண்ணி: இந்நேரம் தூங்குவாங்க.

தங்கச்சி: அம்மா பகல்ல தூங்க மாட்டாங்க. பொண்ணுகிட்டயே சொல்றீங்களே.

அண்ணி: நீ நல்லபடியா வெளிய வா. நானே கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வரேன், போதுமா?

தங்கச்சி: நல்லபடியா வந்தா நானே நடந்து போய் நிப்பேன். எனக்கு இப்போதான் பயமா இருக்கு அண்ணி. போனைக் கையில வச்சுக்கிட்டு என்ன யோசனை?

அண்ணி: நான் சொன்னா அவங்க அதோட விடுவாங்களா? 'அவளுக்கு ஒண்ணுதான்னா, டாக்டர் பொய் சொல்றாருன்னு நீ எப்படி அடிச்சுச் சொன்ன? உனக்கு யார் சொன்னது?'ன்னு குடைவாங்க. வீடு அவங்க பேர்ல இருக்கு. புள்ளைங்க ரெண்டும் இன்னும் படிச்சு முடிக்கல...

தங்கச்சி: அவங்க கேக்கிறது நியாயம்தானே? யார் சொன்னது?

அண்ணி: யாரும் சொல்லல. பேச்சுவாக்குல கேள்விப்பட்டது.

தங்கச்சி: ம்.

அண்ணி: என்ன ம்?

நர்ஸ்: ஸ்ட்ரெச்சர் வந்தாச்சு அக்கா. பேசி முடிச்சீங்களா? கம்மலைக் கழட்டிடுங்க. யார்கிட்ட குடுக்கட்டும்?

தங்கச்சி: அவங்ககிட்டயே குடுங்க சிஸ்டர். பத்திரமா வச்சுப்பாங்க.

அண்ணி: தைரியமாப் போ. கண்ணைத் துடை. உன் அண்ணன் இருந்திருந்தா...

தங்கச்சி: இருந்திருந்தா?

அண்ணி: உன்னை இப்படி விட்டிருப்பாரா?

நர்ஸ்: கிளம்பலாமா?

தங்கச்சி: ஒரு நிமிஷம் சிஸ்டர். அண்ணி, கொஞ்சம் குனிங்க.

அண்ணி: சொல்லு.

தங்கச்சி: உங்களோடது பொருந்திடுச்சுன்னு அண்ணனுக்குத் தெரியும். நீங்க அந்தத் தனி ரூமை விட்டு வெளிய வர்றதுக்குள்ள லேப்காரர் அவனுக்குக் கை குடுத்துட்டுப் போயிட்டாரு. நீங்க வந்து 'ஒத்துவரலீங்க'ன்னு அழுதீங்க, அவன் உங்க கண்ணைத் துடைச்சு விட்டான். அன்னைக்கு சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, 'அம்மாவுக்குத் தெரிஞ்சா அவளையும் புள்ளைங்களையும் வெளிய தள்ளிடுவாங்க, அவங்க கோவம் உன் மேலயே இருக்கட்டும், எனக்காக வாங்கிக்கோ'ன்னு சொன்னான். குடுக்கிறதுக்கு என்கிட்ட வேற எதுவும் இல்ல அண்ணி, அதனால வாங்கிக்கிட்டேன்.