காலி மனையில் ஒரு கபர்

உங்கள் ஸ்டேஷன் டீயில் இஞ்சி கொஞ்சம் தூக்கல், இன்ஸ்பெக்டர் சாஹிப். குறையாகச் சொல்லவில்லை. உருஸ் விழா நாளில் ஊருக்கே டீ போடுகிற தர்காவை நிர்வகிக்கும் முத்தவல்லி நான். நாக்கு தானாக ருசி பார்க்கிறது.

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான். என் அண்ணன் மக்தூமின் கபரைத் தோண்டாதீர்கள். மையித்தை வெளியே எடுத்துவிட்டால் அது மறுபடியும் காலி மனை. பிறகு பீதரில் இருக்கிற ஒவ்வொரு தரகனும் வந்து நிற்பான்.

தர்காவுக்குப் பின்னால் உள்ள அந்த மனையை, மையித்துகளை அடக்கும் மையவாடிக்கென்று வாய்வார்த்தையாக விட்டுக்கொடுத்தவர் எங்கள் பாட்டனார். ஆனால் ஒருவர்கூட அங்கே அடங்கவில்லை. ஜித்தாவில் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பிய அண்ணனுக்கு அது கண்ணை உறுத்தியது. குடும்பச் சொத்து, கல்யாண மண்டபம் கட்டுகிறவனுக்குக் கொடுக்கப்போகிறேன் என்று சொல்லித் திரிந்தார். வக்ஃபு வாரியம் சர்வேயரை அனுப்புவதாகச் சொல்லிவிட்டது. வெறும் மனை என்றால் ஆளாளுக்கு உரிமை பேசலாம். ஒரு கபர் இருந்துவிட்டால் அது அல்லாஹ்வின் சொத்து. வாரியமே நினைத்தாலும் விற்க முடியாது. மனையைக் கோட்டைவிட்டால் வாரியம் என்னை நீக்கிவிடும். அந்த அதிகாரம் அவர்களுக்கு உண்டு, அதில் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவராக இருந்தது. மழைக்காலம் முடிந்தும் மஹல்லாவில் யாரும் சாகவில்லை. படுத்த படுக்கையாகக் கிடந்த கிழவர்கள்கூட எழுந்து தொழுகைக்கு வந்தார்கள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான்.

சர்வேயர் வருவதற்கு முந்தின நாள் காலை, குழி வெட்டும் புடன் மியானைக் கூப்பிட்டுப் பின் மனையில் ஒரு கபர் வெட்டச் சொன்னேன். யாருக்கு என்று கேட்டான். வெளியூர் மையித் என்றேன். அளவு கேட்டான். எங்கள் பக்கம் மையித்தின் உயரத்தைக் குச்சியில் அளந்து கொடுத்தால்தான் கடப்பாரையைத் தொடுவார்கள். கொடியில் அண்ணனின் நீள அங்கி காய்ந்துகொண்டிருந்தது. அதை அளந்து, தலைக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தேன். அங்கேதான் சறுக்கினேன். மாலையில் இறந்தவருக்குக் காலையிலேயே வெட்டிய குழி எப்படி அச்சாகப் பொருந்தியது என்று அவனுக்குப் பிற்பாடு உறைத்திருக்கிறது. நல்ல வேலைக்காரன்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அண்ணன் என் அறைக்கு வந்தார். அவருக்கு ஆஸ்துமா, பேச்சு நீண்டால் மூச்சு இழுக்கும், இழுத்தால் பம்பு வேண்டும். அன்றும் இழுத்தது. மேஜைமேல் அவர் வைத்திருந்த பம்பை எடுத்து என் ஷெர்வானிப் பையில் போட்டுக்கொண்டேன். அவர்மேல் கை வைக்கவில்லை. கதவைத் தாழிட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, உயிர் பிரியும் நேரத்தில் ஓதுகிற யாசீனை ஓதத் தொடங்கினேன். அது காதில் விழாமல் ஒரு மனிதரை அனுப்பிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

"என்னடா யதுல்லா, உயிரோட இருக்கறவனுக்கு யாசீன் ஓதறே?" என்றார், மூச்சுக்கு நடுவே.

முதலில் கேலி என்றே நினைத்தார். பிறகு என் பையைப் பார்த்தார். எழப் பார்த்தார், முடியவில்லை. நான் ஓர் எழுத்தும் பிசகாமல் ஓதி முடித்தேன்.

மறுநாள் மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். வந்திருந்த சர்வேயரும் செருப்பைக் கழற்றிவிட்டு மூன்று பிடி மண் போட்டார். மையவாடி என்று குறித்துக்கொண்டார். அண்ணன் மகன் ரஃபத் என் தோளில் சாய்ந்து, "அப்பா படுத்திருக்கற எடத்தை இனிமே யாரு சாச்சா விப்பாங்க?" என்று அழுதான். தலையைத் தடவிக் கொடுத்தேன். எனக்கும் அழுகை வந்தது, பொய் சொல்லவில்லை.

உங்கள் மேஜையில் கிடக்கிற தர்கா சாவிக்கொத்தை அவனிடம் கொடுத்துவிடாதீர்கள். விவரம் போதாது. முறைப்படி முத்தவல்லி பதவி மூத்தவருக்குத்தான். அண்ணன் வெளிநாட்டில் இருந்ததால் வாரியம் என்னை நியமித்தது. அன்றிலிருந்து அந்தக் கொத்து என் இடுப்பை விட்டு இறங்கியதில்லை. நீங்கள் வாங்கி வைத்ததிலிருந்து கை அடிக்கடி அங்கே போய்விட்டு வருகிறது.

அன்று அண்ணன் என்ன பேச வந்தார் என்று கேட்கிறீர்கள். மறைக்க ஒன்றுமில்லை.

"மனை தர்காவுக்கே இருக்கட்டும்டா. நாளைக்கு சர்வேயர்கிட்ட நானே சொல்லிடறேன். சாவியை மட்டும் எங்கிட்ட கொடு, நான்தானே மூத்தவன்" என்றார்.

அப்படியானால் நிலத்துக்கு வந்த ஆபத்து அப்போதே நீங்கிவிட்டதே என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் குழி வெட்டியாகிவிட்டது, சாஹிப். வெட்டிய கபரைக் காலியாகப் போட்டுவைத்தால் அது மஹல்லாவில் ஓர் உயிரைக் கேட்கும் என்பார்கள். யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் முத்தவல்லி அல்லவா பதில் சொல்ல வேண்டும்.